கீழ்காய்நெல்லி பிடுங்கிய ஆறு காலைகள்

1975ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பதினாறாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடத்திற்கு இது தொடங்கியது. நேரத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். குசினிக் கதவைத் திறக்குமுன் அலுமாரியின் மேலிருந்த மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். அண்ணனுக்குச் செங்கமாரி என்கிற மஞ்சள்காமாலை. எங்கள் வளவில் தானாக முளைத்துக் கிடந்த கீழ்காய்நெல்லியை ஏழு காலைகள் பிடுங்கி, அரைத்து, ஆட்டுப்பாலில் கலந்து கொடுப்பதென்று முதல் நாள் முடிவாகியிருந்தது. பிடுங்குவது என் வேலை. ஆறு காலைகள் பிடுங்கினேன்.

அந்த மார்கழி முழுவதும் மழை. முன்முற்றத்தில் கால் வைக்க இடமில்லாமல் புல்லும் பூண்டும் மண்டியிருந்தன. பொங்கலுக்கு முதல் நாள் அண்ணன்தான் குந்தியிருந்து அவற்றைப் பிடுங்கினார். கோரை, குப்பைமேனி, கீழ்காய்நெல்லி எல்லாம் ஒன்றாக வேலியோரத்தில் குவிந்தன. பாதி முற்றம் துப்புரவானதும் அவர் மண்ணிலேயே இருந்துவிட்டார். இருபத்தேழு வயது ஆம்பிளை அரை முற்றத்துக்கு இப்படிக் களைத்துப்போவதோ என்று அம்மா ஏசினார். மீதியை நான் பிடுங்கினேன். அடுத்த நாள் பொங்கல் பானையிலிருந்து நெய் மணம் எழும்பியதும் அவர் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார். அம்மா அவரை வெயிலில் நிறுத்திக் கண்மடலை இழுத்துப் பார்த்தார். வெள்ளை விழி மஞ்சளாகியிருந்தது.

அண்ணன் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுப் படகுகள் வந்து நிற்கும் துறையடியில் இயந்திரம் திருத்துகிறவர். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அப்பா ஆறு வருடங்களுக்கு முன்னர் இறந்துபோனார்; அந்த வருடமே அண்ணன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் தமிழ் படித்துக்கொண்டிருந்ததும், அந்தத் தை மாதம் விடுமுறையில் வீட்டிலிருந்ததும் அவருடைய உழைப்பினால்தான். அவர் நன்றாகக் கதைப்பார். பகிடி விடாமல் அவரால் ஒரு கோப்பை தண்ணீர்கூடக் கேட்க முடியாது. நான் அப்படியல்ல. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு அளந்த கதை முழுவதையும் அவர் ஒருவரே எடுத்துக்கொண்டார் என்று அம்மா சொல்வதுண்டு. அதில் எனக்குக் குறை எதுவும் இருந்ததில்லை.

பரியாரியார் கட்டைபறிச்சானிலிருந்து பதினைந்தாம் திகதி முதல் லோஞ்சில் வந்தார். துறையடி ஆட்கள் முதல் நாளே சொல்லியனுப்பியிருந்தார்கள். அரசாங்கத்தில் பதிந்த ஆயுர்வேத வைத்தியர். கையில் பையைத் தவிர வேறொன்றுமில்லை. கதிரையில் இருக்கச் சொன்னபோது வேண்டாமென்று அண்ணனின் கட்டிலிலேயே இருந்தார். நாடி பிடித்தார். நகத்தை அழுத்தி விட்டு நிறம் திரும்புவதைப் பார்த்தார். நாக்கின் கீழே பார்த்தார். சிறுநீரில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணித் துண்டை வாசலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு எங்களோடு பின்வளவுக்கு வந்து, கிணற்றுக்குப் போகும் வழியின் இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு நின்ற கீழ்காய்நெல்லியைக் கண்டு சிரித்தார். மருந்து வீட்டில் நிற்க மனுசர் என்னைத் தேடி வருகினம் என்றார்.

செய்முறையை அவர் இரண்டு முறை சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். தண்டு சிவந்ததை விட்டுப் பச்சைத் தண்டுள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். வேர், இலை, காய் எல்லாம் சேர ஒரு கைப்பிடி. மண் போக மூன்று தண்ணீரில் கழுவி, மிளகாய் படாத அம்மியில் மைபோல் அரைத்துக் கொட்டைப்பாக்களவு உருட்டி எடுத்து, காய்ச்சாத ஆட்டுப்பாலில் கரைத்து வெறுவயிற்றில் கொடுக்க வேண்டும். உப்பு, எண்ணெய், மிளகாய், மீன் ஒன்றும் ஆகாது. மோர், கஞ்சி, இளநீர் ஆகும். இவை அம்மாவுக்குச் சொன்னவை. பிடுங்கப்போகிறவள் நான் என்றதும் என் பக்கம் திரும்பினார். ஏழு நாளும் ஒரே கைதான் பிடுங்க வேண்டும், வெயில் படுவதற்கு முன்னர் பிடுங்க வேண்டும், பிடுங்குகிறவரின் நிழல் செடியில் விழக்கூடாது என்றார்.

"பிள்ளை, இன்னுமொண்டு. நித்திரையாலை எழும்பினதிலையிருந்து தம்பி மருந்தைக் குடிச்சு முடிக்கும்வரைக்கும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஆர் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது."

அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே, "அவளை வாய் மூடப் பண்ணுறதுக்கு மருந்து தேவையில்லை, பரியாரியார். வாய் திறக்கப் பண்ண ஏதும் பூண்டு இருந்தால் அதைச் சொல்லுங்கோ" என்றார்.

பரியாரியார் சிரித்தார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் அங்கே நின்று, அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

"கதை தடுமாறினால், ஆளை ஆள் தெரியாமல் கதைச்சால், என்னைத் தேடி லோஞ்சு ஏற வேண்டாம். அந்த நிமிசமே பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அதுக்குப் பிறகு இந்தப் பூண்டுக்கு வேலை இல்லை."

நான் இதையும் எழுதினேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. வாய் திறக்கக் கூடாது என்பது ஏழாவது வரி; இது பதினோராவது வரி. இடையிலுள்ள மூன்று வரிகளும் அவர் இரண்டாம் முறை சொன்னபோது எழுதிய மோர், கஞ்சி, இளநீர்.

கீழ்காய்நெல்லியை அதுவரை நான் ஒரு செடியாகப் பார்த்ததில்லை. பிடுங்கி எறிய வேண்டிய பல பூண்டுகளில் அதுவும் ஒன்று. முதல் காலை இருட்டில் குந்தியபோதுதான் அது இரவில் இலைகளை மூடிக்கொள்வதைக் கண்டேன். பகலில் சிறகுபோல் விரிந்து நிற்கும் இரண்டு வரிசை இலைகளும் கீழ்நோக்கி மடிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கண்ணால் அடையாளம் காண முடியவில்லை. கிளையின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினால் கடுகிலும் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகத் தட்டுப்படும். அவற்றைத் தடவி உறுதி செய்துகொண்டு பிடுங்குவேன். தண்டின் நிறத்தை மட்டும் கதவடிக்கு வந்து கைவிளக்கின் வெளிச்சத்தில் பார்ப்பேன். சிவப்பென்றால் எறிந்துவிட்டு மறுபடி போவேன். மண் ஈரமாக இருந்ததால் வேர் அறாமல் வந்தது. பேசக் கூடாது என்பதற்கு நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கதைத்துக்கொண்டு பிடுங்குகிறவர் வேறொன்றைப் பிடுங்கிவிடக்கூடும். கவனம் சிதறாமலிருக்கவே அந்த விதி. அப்படி நினைத்துக்கொண்டதால் எனக்கு அதைக் கடைப்பிடிப்பது எளிதாயிற்று.

ஆட்டுப்பால் அடுத்த வளவிலிருந்து வந்தது. ஆடு வளர்த்த பெண் கிண்ணியாவிலிருந்து எங்கள் தெருவுக்கு மணமுடித்து வந்தவர். நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். தினமும் ஆறரை மணிக்கு வேலியிலிருந்த இடைவெளியில், அந்தப் பொட்டுக்கால், செம்பை நீட்டுவார். நான் பேசமாட்டேன் என்பது தெரியும் என்பதால், எனக்கும் சேர்த்து அவரே கதைத்துவிட்டுப் போவார். கீழ்காய்நெல்லியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த வேலிப் பொட்டுக்கால் வந்தது. நீர்க்கடுப்புக்கு மோரில் கலந்து குடிக்கலாம். பிள்ளைகளின் சொறிக்கும் சிரங்குக்கும் உப்போடு அரைத்துப் பூசலாம். பெண்களுக்குப் பெரும்பாடு கண்டால் வேரை மட்டும் எடுத்து அரைப்பது. கைப்பு என்பதால் தன்னுடைய ஆடு அதைச் சுற்றி மேயுமே தவிர அதில் வாய் வைக்காது என்றும், நோயில்லாத சீவனுக்கு மருந்து தேவையில்லை என்பது ஆட்டுக்குத் தெரியுமென்றும் ஒரு நாள் சொன்னார்.

அண்ணன் எனக்கு முன்னரே எழும்பிவிடுவார். முதல் காலையிலேயே சாரத்தோடும் போர்வையோடும் வந்து குசினிப் படியில் குந்தி, நான் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி பண்டிதை, தொடங்கிட்டியோ விரதம்? பிறந்த நாளிலையிருந்து பிடிக்கிறதுதானே. இப்பதான் அதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு."

நான் திரும்பவில்லை. காலடியில் பாம்பு என்றார். பாம்பில்லை என்று தெரிந்தும் குனிந்து பார்த்தேன், அவர் சிரித்தார். இருமலும் வந்தது. அன்றே ஒரு பந்தயம் வைத்தார். ஏழு நாளில் ஒரு சொல் என் வாயிலிருந்து வரப் பண்ணினால் அவருக்கு வெற்றி. வராவிட்டால், நான் பேராதனைக்குத் திரும்பும் நாளில் என் ட்ரங்குப் பெட்டியை வீட்டிலிருந்து ஸ்டேசன்வரை அவரே தலையில் சுமந்து வருவார். நான் மருந்தைக் கரைத்து நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்து முகத்தைச் சுளித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு நான் கதைக்கலாம். கோப்பையைத் தாருங்கள் என்றேன். முதல் நாள் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

இரண்டாம் நாள், என் சோதனை முடிவு வந்துவிட்டதாகவும் தபாற்காரர் சந்தியில் வைத்துத் தன்னிடம் சொன்னதாகவும் சொன்னார். மூன்றாம் நாள் விடுகதை போட்டார். எனக்கு விடை தெரிந்த விடுகதைகள். வேண்டுமென்றே பிழையான விடைகளைத் தானே சொல்லி, நான் திருத்துவேனா என்று பார்த்தார். பிழையை அப்படியே விட்டுவிடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அது அவருக்குத் தெரியும். வாயை இறுக்கிக்கொண்டு அம்மியில் கை வைத்தேன். எனக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து நான் வாய் திறக்காதது மருந்து பலிக்க வேண்டுமென்பதற்காக மட்டுமல்ல. அவரிடம் தோற்கக் கூடாதென்பதற்காகவும்தான்.

மூன்றாம் நாள் துணித் துண்டின் மஞ்சள் சற்று வெளிறியதுபோல் இருந்தது. அம்மா அதைக் கொடியில் தனியாகக் காயப்போட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டார். அன்று அரைக் கோப்பை கஞ்சி கூடுதலாக இறங்கியது. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அவர் பகலில் அதிகம் உறங்கினார். நித்திரை நல்லது, உடம்பு தேறுகிறது என்று அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாம் காலை படியில் வந்திருந்தவர் பாம்பென்றோ தபாற்காரர் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார். புதிய உத்தி என்று எண்ணினேன். அவர் மௌனமாக இருந்தால் நான் பொறுமையிழந்து கதைப்பேனென்று எதிர்பார்க்கிறார் என்று கணித்தேன். கணிப்பதில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

விடுதியில் என் அறையிலிருந்த மாத்தறைச் சிங்களப் பெண்ணிடம் பின்னொரு நாள் இந்தச் செடியைக் காட்டிப் பெயர் கேட்டேன். நூலகப் படிக்கட்டின் ஓரத்தில் நின்றது. பிட்டவக்கா என்றாள். காய்ச்சலுக்குத் தன் தாயார் அவித்துத் தருவதாகவும், தங்கள் ஊரில் இதற்கு ஒரு விதியும் இல்லை, தேவைப்படும்போது பிடுங்குவோம் என்றும் சொன்னாள். ஏன் கேட்கிறாய் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

ஆறாம் காலை ஜனவரி இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை. அந்த நாட்களில் பாண் ரொட்டிக்கு விடியுமுன்னரே வரிசை. அம்மா ஐந்தரைக்கே பையோடு கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போய்விட்டார். ஐந்து ஐம்பதுக்கு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அண்ணன் ஏற்கெனவே படியில் இருந்தார். போர்வை இல்லை. வேலைக்குப் போகும் சேட்டைப் போட்டிருந்தார். முன்பின்னாகப் போட்டிருந்தார். பொத்தான் பூட்டாமல் முதுகு திறந்து கிடந்தது.

"லோஞ்சு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

முதல் லோஞ்சு ஆறரைக்கு. அதை அவரை விட நன்றாகத் தெரிந்தவர் துறையடியில் எவருமில்லை. அதன் இயந்திரத்தைக் கிளப்பிவிடுகிறவரே அவர்தான். விடை தெரிந்த கேள்வி என்பதால் இது மூன்றாம் நாள் விளையாட்டின் தொடர்ச்சி என்றும், சேட்டு அதற்கான வேஷம் என்றும் முடிவு செய்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத் தெரியாதபடி திரும்பிக்கொண்டு சிரித்தேன். பிறகு குந்திக் காய்களைத் தடவத் தொடங்கினேன்.

பிடுங்கிக் கொண்டிருக்கும்போது மறுபடி கேட்டார். லோஞ்சு எத்தனை மணிக்கு? கிணற்றடியில் வேரைக் கழுவும்போது பின்னாலேயே வந்து நின்றார். நடை சரியாக இல்லை. ஆறு நாளாக உப்பில்லாமல் சாப்பிட்டவரின் நடை என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டாரோ?"

இது கொஞ்சம் கூடிப்போன பகிடி என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருடமாக அப்பாவை வைத்து எங்கள் வீட்டில் எவரும் பகிடி விட்டதில்லை. ஒரு பந்தயத்துக்காக இந்த அளவுக்குப் போவாரா என்று நினைத்தேன். கோபத்தில் வாய் இன்னும் இறுகியது. தட்டை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து குசினிக்குள் போனேன். அம்மியில் அரைக்கும்போது அவர் உள்ளறையில் எதையோ தேடும் சத்தம் கேட்டது. அலுமாரிக் கதவு திறந்து மூடியது. திறந்து மூடியது. ஆறரைக்கு மாமி செம்பை நீட்டினார். நேற்றுத் துணி எப்படி இருந்தது என்று கேட்டார், தலையை ஆட்டினேன். அவர் நின்ற இடத்திலிருந்து அண்ணன் தெரியவில்லை. உள்ளே இருந்தார். தூரத்தில் லோஞ்சின் ஊதல் கேட்டது.

ஆறு நாற்பதுக்கு மருந்தை நீட்டினேன். மறுபடி படியில் வந்திருந்தார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே பார்த்துவிட்டு, மெதுமெதுவாகக் குடித்தார். ஆறு நாளில் முதற்தடவையாக முகத்தைச் சுளிக்கவில்லை. கடைசி மிடறு இறங்கும்வரை காத்திருந்தேன். இனி நான் கதைக்கலாம்.

"பகிடி போதும், அண்ணா. அப்பாவை இதுக்குள்ளை இழுக்க வேண்டாம்."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். மரியாதையாகப் படியின் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

"நீங்கள் ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்றார்.

என் வாழ்நாளில் அவர் என்னை நீங்கள் என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

பதினோராவது வரி அப்போது நினைவுக்கு வந்தது. அதன் எழுத்துகள் தாளில் எந்த இடத்தில் வளைந்திருந்தன என்பது உட்பட வந்தது. வேலியடிக்கு ஓடி மாமியைக் கூப்பிட்டேன். அவர் சந்தியிலிருந்து வாடகைக் காரைக் கொண்டுவரப் பண்ணினார். அம்மா பாண் பையோடு தெருமுனையில் எதிர்ப்பட்டார்; அப்படியே காரில் ஏறினார். அந்தப் பாண் ஆசுப்பத்திரி வாங்கிலில் மாலைவரை இருந்தது.

வைத்தியர் அண்ணனின் வயதுக்காரராகத் தெரிந்தார். தடுமாற்றம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். இப்பதான் ஐயா என்றார் அம்மா. ஐந்து ஐம்பதுக்கு என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்தார். வைத்தியர் ஐந்து ஐம்பது என்று எழுதினார். பகலில் நித்திரை கூடியதா என்று கேட்டார். ஓம் என்றேன். எத்தனை நாளாக? இரண்டு நாளாக. அதையும் எழுதினார். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றதற்குச் செடியின் பெயரையும், அளவையும், பாலையும் வரிசை தவறாமல் சொன்னேன். அவர் அதைக் குறை சொல்லவில்லை. தலையசைத்து எழுதினார்.

பதினொரு மணிக்குப் பிறகு அண்ணன் கண் திறக்கவில்லை. ஊசி போட்டார்கள், போத்தல் ஏற்றினார்கள். இரண்டு மணிக்கு நடையில் வைத்து வைத்தியர் ஈரல் பழுதாகிவிட்டதென்று சொன்னார். நான் அவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. ஐம்பது நிமிடம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று கேட்டேன். 

"ஐம்பது நிமிசத்தாலை ஒண்டும் மாறியிராது. ரெண்டு நாள் முந்தியெண்டால் எனக்குச் சொல்ல ஏலாது" என்றார்.

மாலை நாலு மணி பத்து நிமிடத்திற்கு அண்ணன் இறந்தார். நான் அழவில்லை. அழக்கூடாதென்று அடக்கவுமில்லை. சுவரிலிருந்த மணிக்கூடு எங்கள் வீட்டு மணிக்கூட்டை விட மூன்று நிமிடம் முந்தியிருக்க வேண்டுமென்று எண்ணியது நினைவிருக்கிறது. அதனால் நாலு ஏழு என்று எழுதுவதா என்ற சந்தேகம் இப்போதும் உண்டு.

இருள் கவியும் மைமல் பொழுதில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆட்கள் வந்து போனார்கள். துறையடி ஆட்கள் முற்றத்தில் நின்றார்கள். விளக்கேற்றி வைத்துவிட்டு அம்மா என் பக்கத்தில் வந்திருந்தார்.  என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தே கேட்டார்.

"காலமை அவன் உனக்கு ஏதும் சொன்னவனோ?"

"லோஞ்சு எத்தனை மணிக்கெண்டு கேட்டவர்."

"நீ சொன்னனியோ?"

"இல்லை."

அம்மா விளக்கின் திரியைத் தூண்டினார்.

"ஆறரைக்கெண்டு சொல்லியிருக்கலாமே" என்றார்.

அதில் ஏச்சு இல்லை. பரியாரியார் வாசலில் நின்று சொன்னதை அம்மா அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவரை நோக்கித்தானே அது சொல்லப்பட்டது. பெற்ற பிள்ளை ஒன்றைக் கேட்டு, அதற்குப் பதில் கிடைக்காமல் போனது மட்டும்தான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் இன்றுவரை வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது: சேட்டு, சைக்கிள், அலுமாரிக் கதவு, நான் திரும்பிக்கொண்டு சிரித்தது.

அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்கே எழும்பினேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது. முன்முற்றம் பொங்கலுக்குத் துப்புரவாக்கியது; பந்தல் போட அதில் வேலை இருக்கவில்லை. பின்வளவுதான் கிடந்தது. அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளுகிறவர்கள் கிணற்றுக்கு நடக்க வழி வேண்டும். அந்த வழியை ஆட்கள் வந்து மண்வெட்டியால் செருக்குவார்கள் என்று அம்மாவின் தமையன் சொல்லியிருந்தார். நான் கதவடியிலிருந்து குந்திப் பிடுங்கத் தொடங்கினேன். இலைகள் இன்னும் மூடியிருந்தன. காய்களைத் தடவிப் பார்க்கவில்லை. சிவந்த தண்டையும் பச்சைத் தண்டையும் பிரிக்கவில்லை. குப்பைமேனியும் கோரையும் சேர்ந்து வந்தன. கை நிறைந்ததும் வேலியோரத்தில் எறிந்தேன். வெளிச்சம் வந்து என் நிழல் செடிகளில் விழுந்தது, தொடர்ந்து பிடுங்கினேன்.

ஆறரைக்கு மாமி வேலியடிக்கு வந்தார். கையில் செம்பு இருக்கவில்லை. 

"எத்தின மணிக்கு, மகள், அண்ணனை எடுக்கிற?" என்று கேட்டார்.

"மூன்று மணிக்கு, மாமி" என்றேன்.

அவர் போன பிறகு கிணற்றடியிலிருந்த கடைசிப் பற்றையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.